உணவுக்குழாயைப் பார்க்கும் ஒளிக்கருவிகள்: உண்மையில் சோதிக்கப்படுவது எது?

சில வாரங்களாக ஒரே விஷயத்தைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளைச் சேர்த்துப் படித்துவருகிறேன். உணவுக்குழாயின் உள்சுவரில் புற்றுநோயாக மாறப்போகும் இடத்தை, அது கட்டியாகத் திரளும் முன்பே வெளிச்சத்தைக் கொண்டு கண்டுபிடிக்கும் கருவிகள் பற்றியவை அவை. நீல, பச்சை ஒளி, லேசர், நுண்ணோக்கி பொருத்திய மெல்லிய இழை, நூலில் கட்டி விழுங்கும் கேப்சூல் என்று வகைவகையாக இருக்கின்றன. படங்கள் எல்லாமே அழகு. முடிவுரைகள் எல்லாவற்றிலும் நம்பிக்கை.

நான் மருத்துவர் இல்லை. ஆனால் ஒரு கருவியை எப்படிச் சோதித்தார்கள் என்பதைப் புரிந்துகொள்ள மருத்துவராக இருக்க வேண்டியதில்லை. பொறுமையும் கொஞ்சம் கூட்டல் கழித்தலும் போதும். ராமநாதபுரம், ராமேஸ்வரம் கடற்கரையில் இருக்கும் ஒருவரை மனசில் வைத்துக்கொண்டு இந்தக் கட்டுரைகளைப் படித்தால் என்ன தெரிகிறது என்பதுதான் இந்தக் குறிப்பு. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கருவிகள் நல்லாத்தான் இருக்கு. சோதனைகள்தான் வேறு யாருக்கோ, வேறு ஏதோ கேள்விக்குச் செய்யப்பட்டவை.

நோய் எந்த நேரத்தில் வந்து நிற்கிறது

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை தரும் குளோபோகான் மதிப்பீட்டின்படி, 2020-இல் இந்தியாவில் உணவுக்குழாய்ப் புற்றுநோய் புதிதாக வந்தவர்கள் சுமார் 63,000 பேர். அதே ஆண்டு அந்த நோயால் இறந்தவர்கள் சுமார் 58,000 பேர். இரண்டு எண்களும் இவ்வளவு பக்கத்தில் இருப்பதே மொத்தக் கதையையும் சொல்லிவிடுகிறது. நோய் தெரியவரும்போது பெரும்பாலும் காலம் கடந்துவிடுகிறது.

காரணம் உணவுக்குழாயின் அமைப்பிலேயே இருக்கிறது. சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள, விரிந்து கொடுக்கிற குழாய் அது. உள்ளே ஒரு பக்கம் புண்ணோ கட்டியோ வளர்ந்தாலும் மறுபக்கம் விரிந்து சோற்றுக்கு வழி விட்டுவிடும். குழாய் நன்றாகக் குறுகிய பிறகுதான் "சோறு இறங்க மாட்டேங்குது, நெஞ்சுல நிக்குது" என்ற பேச்சே வருகிறது. அப்போதும் முதல் பழி வாய்வு மேல். சோடா குடிப்பார்கள், ஜெலுசில் குடிப்பார்கள், சோற்றை விட்டுக் கஞ்சிக்கு மாறுவார்கள். கஞ்சியும் நிற்கும்போதுதான் மதுரைக்குப் பயணம். ராமேஸ்வரத்திலிருந்து மதுரை சுமார் 170 கிலோமீட்டர். போகிற ஒவ்வொரு நாளும் கடலுக்குப் போகாத நாள்.

இந்த நிலையில் வருகிறவருக்கு நான் படித்த எந்தக் கருவியும் தேவையில்லை. சாதாரண எண்டோஸ்கோப்பி போதும், கட்டி கண்ணுக்கே தெரியும். ஒளிக்கருவிகளின் பயனெல்லாம் அதற்குச் சில வருஷம் முன்னால், ஒரு தொந்தரவும் இல்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிற அதே ஆளிடம்தான். ஆக, அந்த ஆள் அந்த நேரத்தில் கருவிக்கு முன்னால் எப்படி வந்து படுப்பார் என்ற கேள்விக்குப் பதில் இல்லாத சோதனை, பாதிச் சோதனைதான்.

யாருக்கு ஆபத்து அதிகம் என்பது ஓரளவு தெரிந்த விஷயம். புகை, மெல்லும் புகையிலை, பாக்கு, மது. இதில் இரண்டு மூன்று சேர்ந்தால் ஆபத்து கூட்டல் கணக்கில் இல்லை, பெருக்கல் கணக்கில் ஏறுகிறது. 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்களையும் 2016-இல் அந்த முகமை 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்ற வரிசையில் சேர்த்தது. எங்க பக்கம் அடிக்கடி கேட்கும் ஒரு சந்தேகத்துக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். கருவாடு தின்றால் புற்றுநோய் வரும் என்று பரவும் செய்தி, சீன முறையில் உப்பிட்ட மீன் பற்றியது. அதுவும் மூக்குக்குப் பின்னால் இருக்கும் மேல்தொண்டைப் புற்றுநோய்க்குச் சொல்லப்பட்டது. உணவுக்குழாய்க்கு வந்தால் கருவாட்டைவிட இடுப்பில் சொருகியிருக்கும் புகையிலைப் பொட்டலம்தான் கவலைப்பட வேண்டிய பொருள்.

கருவிகள் என்ன செய்கின்றன

சாதாரண எண்டோஸ்கோப்பியின் வெள்ளை வெளிச்சத்தில், ஆரம்பநிலை மாற்றம் லேசான சிவப்பாகவோ, மற்ற இடத்திலிருந்து பிரித்துச் சொல்ல முடியாத தட்டையான திட்டாகவோதான் இருக்கும். அதைத் துலக்கிக் காட்ட நாலைந்து வழிகள் உண்டு.

முதலாவது மிகப் பழையது, லுகால் அயோடின். உள்சுவரில் தெளித்தால், ஆரோக்கியமான செல்களில் இருக்கும் கிளைகோஜனோடு சேர்ந்து பழுப்பாகிவிடும். பிறழ்ந்த செல்களில் கிளைகோஜன் குறைவு, அதனால் அந்த இடம் மட்டும் வெளிறி நிற்கும். மிக மலிவு. நெஞ்செரிச்சல் தரும், அயோடின் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகாது, வெறும் அழற்சி இருக்கிற இடமும் வெளிறிவிடும் என்பவை குறைகள்.

இரண்டாவது, நேரோ பேண்ட் இமேஜிங். வெள்ளை ஒளியை 415, 540 நானோமீட்டர் என்ற இரண்டு குறுகிய பட்டைகளாக வடிகட்டிப் பாய்ச்சுகிறார்கள். ரத்தத்தின் ஹீமோகுளோபின் இந்த ஒளியை நன்றாக உறிஞ்சும், ஆகவே நுண் ரத்தநாளங்கள் கருத்துத் துலங்கும். பிறழ்ந்த இடத்தில் நாளங்களின் வளைவு மாறியிருக்கும். எண்டோஸ்கோப்பின் கைப்பிடியில் ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், மருந்து தெளிக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, உள்ளேயே நுண்ணோக்கி. ரைஸ் பல்கலைக்கழகத்தில் ரெபெக்கா ரிச்சர்ட்ஸ்-கோர்ட்டம் குழு செய்த கருவி இந்த வகையில் மலிவானது. எண்டோஸ்கோப் வழியாக ஒரு மெல்லிய இழைக்கட்டை இறக்கி, சுவரில் ஒளிரும் சாயம் பூசி, செல்களின் கருக்களை நேரடியாகத் திரையில் பார்ப்பது. கருக்கள் சீராக, இடைவெளி விட்டு இருந்தால் நலம். நெருக்கியடித்துப் பெருத்திருந்தால் சந்தேகம்.

நான்காவது, ஓசிடி. கண் ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் இந்தப் பெயரைக் கேட்டிருப்பீர்கள். விழித்திரையை அடுக்கடுக்காகக் காட்டும் அதே நுட்பம்தான். மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் கேரி டியர்னி குழு அதை நூலில் கட்டிய ஒரு கேப்சூலுக்குள் அடக்கியது. மயக்கம் கொடுக்காமல் விழுங்கச் சொல்லி, சில நிமிடங்களில் முழு உணவுக்குழாயையும் படமெடுத்து, கேப்சூலைத் திரும்ப இழுத்துக்கொள்ளலாம். 2013-இல் நேச்சர் மெடிசின் இதழில் வந்தது.

ஐந்தாவது, ராமன் நிறமாலை. 1928-இல் கல்கத்தாவில் சி. வி. ராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் கண்ட விளைவு, இன்று எண்டோஸ்கோப் வழியாக இறங்கும் இழையாக வந்து நிற்கிறது. திசுவில் பட்டுச் சிதறும் ஒளியின் நிறமாற்றத்தை வைத்து அங்கிருக்கும் வேதிப்பொருட்களைக் கணிக்கிறார்கள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகக் குழு 2014-இல் வெளியிட்ட ஆய்வில் 373 நோயாளிகள். பிறழ்வைப் பிடிப்பதில் 87 சதவீதம், பிறழ்வு இல்லாததைச் சரியாக விடுவதில் 84.7 சதவீதம்.

நம்மூர்க்காரர் பெயரைப் பார்த்ததும் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அந்த 373 பேர் யார் என்று பார்த்தால்தான் விஷயம் புரியும்.

யாரை வைத்துச் சோதித்தார்கள்

உணவுக்குழாய்ப் புற்றுநோயில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று, வயிற்று அமிலம் மேலேறிக் குழாயின் கீழ்ப்பகுதித் தோலையே மாற்றிவிடும் 'பேரட்' நிலையிலிருந்து வரும் சுரப்பிப் புற்று. மேற்கு நாடுகளின் பெரிய கவலை இது. மற்றது செதிள் செல் புற்று. இந்தியா, சீனா, ஈரான், கிழக்கு ஆப்பிரிக்கா எங்கும் பெரும்பான்மை இதுதான். புகையிலையும் மதுவும் கொண்டுவருவது இதைத்தான்.

சிங்கப்பூரின் ராமன் ஆய்வு பேரட் நிலை பற்றியது. கேப்சூல் ஓசிடி ஆய்வும் அப்படியே. முதல் கட்டுரையில் விழுங்கியவர்கள் 13 பேர், அவர்களில் சிலருக்குப் பேரட், மற்றவர்கள் ஆரோக்கியமானவர்கள். புதிய ஒளிக்கருவி ஒன்று தேறிவிட்டதா என்று சொல்ல அமெரிக்க எண்டோஸ்கோப்பி சங்கம் ஒரு கோடு வகுத்திருக்கிறது: நோயில் 90 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும், 'இல்லை' என்றால் 98 சதவீதம் இல்லாமல் இருக்க வேண்டும், நோயில்லாதவரில் 80 சதவீதத்தைச் சரியாக விட வேண்டும். நல்ல கோடுதான். ஆனால் அதுவும் பேரட் நோயாளிகளுக்காக வகுத்தது. ஒரு கருவி 'உணவுக்குழாய்ப் புற்றுக்குத் தேறிவிட்டது' என்று செய்தியில் வந்தால், அது எந்த உணவுக்குழாய், எந்தப் புற்று என்று கேட்க வேண்டியிருக்கிறது. பேரட் திசுவில் கற்றுக்கொண்ட கண்ணோ கணினியோ, வெற்றிலையும் புகையிலையும் பட்டு அழற்சியோடு இருக்கும் செதிள் திசுவில் அதே மதிப்பெண் வாங்கும் என்று யாரும் காட்டவில்லையென்றால், அந்த மதிப்பெண் நமக்கானதல்ல.

செதிள் வகையில் செய்த ஆய்வுகளும் இருக்கின்றன, அவற்றில் நல்லவையும் உண்டு. ஜப்பானில் முட்டோ குழு 2010-இல் வெளியிட்டது எனக்குப் பிடித்த ஒன்று. 320 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு முதலில் வெள்ளை ஒளி, மறுபாதிக்கு முதலில் நேரோ பேண்ட். உணவுக்குழாயின் மேலோட்டமான புற்றுகளில் வெள்ளை ஒளி 55 சதவீதத்தைப் பிடித்தது, நேரோ பேண்ட் 97 சதவீதத்தை. பெரிய வித்தியாசம், நேர்மையான அமைப்பு. ஆனால் அந்த 320 பேருமே ஏற்கெனவே உணவுக்குழாய்ப் புற்றுநோய் உள்ளவர்கள். பார்த்தவர்களும் இதிலேயே பழுத்த மருத்துவர்கள். நோய் எங்கோ இருக்கிறது என்று தெரிந்து தேடுகிற நிபுணரின் கண்ணும், ஒரே காலையில் இருபது பேரைப் பார்த்து முடிக்க வேண்டிய அரசு மருத்துவமனைக் கண்ணும் ஒன்றல்ல.

ஒரு சின்னக் கணக்கு

எண்களைப் படிப்பதில் நாம் வழக்கமாகத் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. பாடப்புத்தகங்கள் உணர்திறன், குறிப்புத்திறன் என்று சொல்வதை நான் இங்கே பிடிப்பது, விடுவது என்றே எழுதுகிறேன். வலையின் கண்ணியைச் சின்னதாக்கினால் எல்லா மீனும் மாட்டும். கூடவே வேண்டாததும் அள்ளிக்கொண்டு வரும்.

1998-இல் டாசி குழு வெளியிட்ட ஆய்வு சீனாவின் லின்சியானில் நடந்தது. 225 பேர். கடும் பிறழ்வையும் புற்றையும் பிடிப்பதில் வெறும் எண்டோஸ்கோப்பி 62 சதவீதம், அயோடின் தெளித்த பிறகு 96 சதவீதம். இந்த 96 எல்லாக் கட்டுரைகளிலும் மேற்கோளாக வருகிறது. அதே ஆய்வில் நோயில்லாததை விடும் திறன் 79-லிருந்து 63 சதவீதமாகக் குறைந்தது. இது அவ்வளவாக மேற்கோளில் வருவதில்லை.

இப்போது ஒரு கற்பனைக் கணக்கு. ஆபத்து அதிகமுள்ள 1,000 பேரைப் பார்க்கிறோம், அவர்களில் 20 பேருக்குக் கடும் பிறழ்வு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெள்ளை ஒளியில் அந்த 20-இல் 12 பேர் மாட்டுவார்கள். அயோடினில் 19 பேர். ஏழு உயிர் கூடுதல், சின்ன விஷயமில்லை. ஆனால் நோயில்லாத 980 பேரில் வெள்ளை ஒளி 206 பேரைச் சந்தேகப்படும், அயோடின் 363 பேரை. அத்தனை பேருக்கும் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். அயோடின் சந்தேகப்பட்ட 382 பேரில் உண்மையில் நோயுள்ளவர் 19. அதாவது இருபதுக்கு ஒருவர். மீதிப் பத்தொன்பது பேரும் முடிவு வரும்வரை வீட்டில் எப்படித் தூங்கியிருப்பார்கள் என்பது எந்த அட்டவணையிலும் இல்லை.

இங்கேதான் ரைஸ் பல்கலைக்கழகக் கருவிக்கு உண்மையான வேலை இருக்கிறது. ஷர்மிளா ஆனந்தசபாபதி உள்ளிட்ட மருத்துவர்களோடு சேர்ந்து சீனாவிலும் அமெரிக்காவிலும் 147 பேரிடம் சோதித்து 2015-இல் வெளியிட்டார்கள். அயோடின் வெளிறக் காட்டிய இடத்தில் இந்த இழையை வைத்துப் பார்த்தால், நோயில்லாததை விடும் திறன் தெளிவாகக் கூடுகிறது, தேவையில்லாத பயாப்சிகள் குறைகின்றன. நான் படித்தவற்றில் நம்ம ஊருக்குப் பொருந்தும் கேள்வியைக் கேட்ட ஆய்வு இதுதான். அயோடினுக்குப் போட்டியாக இல்லாமல் அதற்குத் துணையாகத் தன்னை வைத்துக்கொண்டது. மலிவாக இருக்க வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்தது. செதிள் வகை நோயை எடுத்துக்கொண்டது.

அதற்கும் இரண்டு வரம்புகள். ஒன்று, பயாப்சி எடுப்பது பெரும்பாலும் சந்தேகப்பட்ட இடத்தில்தான். எங்கும் வெளிறாமல் ஒளிந்திருந்த நோய், எடுக்கப்படாததால் கணக்கிலேயே வராது. பிடிக்கும் திறன் உள்ளதைவிட உயர்வாகத் தெரிய இதுவே வழி. இந்த வகை ஆய்வுகள் எல்லாவற்றிலும் இருக்கும் ஓட்டை இது. இரண்டாவது, 147 பேரும் பெரிய மருத்துவமனைக்கு வந்துவிட்டவர்கள். வராதவர்கள் பற்றி அது ஒன்றும் சொல்லாது. சொல்லும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

திண்டுக்கல் கற்றுக்கொடுத்தது

ஒரு பரிசோதனை முறையை எப்படிச் சோதிக்க வேண்டும் என்பதற்கு நல்ல உதாரணம் மதுரைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. உணவுக்குழாய் இல்லை, கருப்பைவாய். திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-இல் தொடங்கிய ஆய்வு, 2007-இல் லான்செட்டில் வந்தது. அதன் ஒளிக்கருவி என்ன தெரியுமா? நீர்த்த அசெட்டிக் அமிலம், அதாவது காடியில் இருக்கும் அமிலம், ஒரு விளக்கு, பயிற்சி பெற்ற நர்ஸின் கண். அமிலம் பட்டால் பிறழ்ந்த இடம் வெளுக்கும். அவ்வளவுதான். 30 முதல் 59 வயதுப் பெண்கள். பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட 49,311 பேரில் 31,343 பேர் வந்தார்கள். ஒப்பீட்டுக் குழுவில் 30,958 பேர். கருப்பைவாய்ப் புற்றால் நேரும் மரணம் 35 சதவீதம் குறைந்தது.

இதில் என்னைக் கவர்ந்தது அளந்த பொருள். படம் எவ்வளவு துல்லியம் என்று அவர்கள் அளக்கவில்லை, இறப்பு குறைந்ததா என்று அளந்தார்கள். வராத பதினெட்டாயிரம் பேரையும் அழைக்கப்பட்ட குழுவிலேயே வைத்துத்தான் கணக்குப் போட்டார்கள். வராதவர்களும் அந்தச் சோதனையின் பகுதி. பிறழ்வு தெரிந்தவர்களில் பெரும்பாலோருக்கு உறையவைக்கும் சிகிச்சையும் நர்ஸ்களே கொடுத்தார்கள். பார்ப்பது, சொல்வது, சரிசெய்வது மூன்றும் ஒரே சங்கிலி.

திருவனந்தபுரத்தில் வாய்ப்புற்றுக்கு நடந்த ஆய்வும் அப்படித்தான். மருத்துவர் அல்லாத சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் விளக்கைப் பிடித்து வாயைப் பார்த்தார்கள். 2005-இல் வந்த முடிவு: புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்று மரணம் 34 சதவீதம் குறைவு.

உணவுக்குழாய்க்கு இவற்றுக்கு அருகில் வரும் ஒரே ஆய்வாக நான் மதிப்பது சீனாவின் சிசியான் மாவட்டத்தினுடையது. அழைக்கப்பட்ட 6,827 பேரில் 3,319 பேர் வந்து, அயோடினோடு எண்டோஸ்கோப்பி செய்துகொண்டார்கள். தெரிந்த பிறழ்வுக்குச் சிகிச்சை தரப்பட்டது. பத்து வருஷத்தில் உணவுக்குழாய்ப் புற்று மரணம் அழைக்கப்பட்ட ஊர்களில் 3.35 சதவீதம், மற்ற ஊர்களில் 5.05 சதவீதம். குலுக்கல் முறையில் பிரித்த ஆய்வு அல்ல, ஊர் ஊராகப் பிரித்தது. உலகிலேயே இந்த நோய் மிக அதிகமாக இருக்கும் இடங்களில் ஒன்று அது. அதை அப்படியே தூக்கி இங்கே வைக்க முடியாது. ஆனாலும் உயிர் காத்ததற்கான சான்று லேசரிடமிருந்து வரவில்லை, 19-ஆம் நூற்றாண்டு அயோடின் கரைசலிடமிருந்து வந்திருக்கிறது என்பதைக் கருவி விற்பவர்களும் வாங்குபவர்களும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எங்க கரையில் சோதிப்பதென்றால்

இதற்கு ஒரு மறுப்பு வரும் என்று தெரியும். "ஒண்ணுமே இல்லாததுக்கு ஏதோ ஒரு புதுக் கருவி வந்தா நல்லதுதானே? குறை சொல்லிக்கிட்டே இருந்தா எப்ப வரும்?" என்பார்கள். வரட்டும். ஆனால் ஒரு மாவட்ட மருத்துவமனையில் ஒரு கருவி இடம் பிடிக்கும்போது எண்டோஸ்கோப்பி மருத்துவரின் காலை நேரத்தையும், பேத்தாலஜி மேசையையும், பராமரிப்புப் பணத்தையும் சேர்த்துத்தான் பிடிக்கிறது. உதிரிப் பாகம் வராமல் துணி போர்த்தி மூலையில் நிற்கும் இயந்திரத்தைப் பார்க்காதவர்கள் நம்மில் குறைவு. அதனால்தான் வருவதற்கு முன்பே எப்படிச் சோதிப்பது என்று கேட்கிறேன்.

முதலில், யாரை? எல்லாரையும் அல்ல. மாவட்டத்தில் எல்லாருக்கும் எண்டோஸ்கோப்பி என்பது நடக்காது, தேவையும் இல்லை. 2016-இல் மத்திய அரசு வகுத்த வழிமுறைப்படி 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாய், மார்பு, கருப்பைவாய் மூன்றுக்கும் பரிசோதனை உண்டு. உணவுக்குழாய் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் வாய் இருக்கிறது. வாயைக் கெடுக்கும் அதே புகையிலைச் சாறுதான் கீழேயும் இறங்குகிறது. வாயிலோ தொண்டையிலோ புற்று வந்தவர்களுக்கு உணவுக்குழாயில் இரண்டாவதாக ஒன்று வரும் ஆபத்து கூடுதல் என்பது நெடுங்காலமாகத் தெரிந்தது. ஆகவே வாய்ப் பரிசோதனையில் வெள்ளைத் திட்டோ, வாய் திறக்க முடியாத இறுக்கமோ தெரிந்தவர்கள், வாய்ப்புற்றுக்குச் சிகிச்சை பெற்றவர்கள், நீண்டகாலம் புகையிலையும் மதுவும் சேர்ந்து பழகிய 40 வயதுக்கு மேற்பட்டவர்கள். இந்த வட்டத்துக்கு அயோடினோடு எண்டோஸ்கோப்பி, அதற்குமேல் புதிய கருவி. வாயிலிருந்து தொடங்கினால் விளக்கு பிடிக்கும் பணியாளரே முதல் சல்லடையாகிவிடுவார்.

அடுத்து, எப்போது? இதைச் சென்னையிலோ பாஸ்டனிலோ இருந்து எழுதும் திட்டத்தில் பார்க்க முடியாது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபத்து விசைப்படகுகள் அப்போது கரையில்தான். ஆட்கள் வலை சீர்செய்துகொண்டும் படகுக்கு வர்ணம் பூசிக்கொண்டும் ஊரில் இருப்பார்கள். வேலைக்கு வெளியூர் போகிறவர்களும் உண்டு, நாட்டுப்படகுக்குத் தடையும் கிடையாது. இருந்தாலும் ஒரு நாள் மருத்துவமனையில் செலவழித்தால் ஒரு நாள் பாடு போகாது என்று சொல்லக்கூடிய காலம் வருஷத்தில் அது ஒன்றுதான். சிசியானில் பாதிப்பேர்கூட வரவில்லை. இங்கே எத்தனை பேர் வருவார்கள் என்பதைத் தீர்மானிப்பது கருவியின் அலைநீளம் அல்ல, நாட்காட்டி.

மூன்றாவது, யார் பார்ப்பது, எங்கே? 2022 ஜனவரியில் ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. மதுரை எய்ம்ஸின் முதல் அணி மாணவர்களும் கட்டடம் எழும்பும் முன்பு அங்கேதான் படிக்கத் தொடங்கினார்கள். மருத்துவக் கல்லூரி என்றால் பேத்தாலஜி துறை இருந்தே ஆக வேண்டும். எடுத்த சதையை அங்கேயே பார்த்துச் சொல்ல ஆள் இருக்கும் வாய்ப்பு முன்பைவிடக் கூடியிருக்கிறது. புதிய கருவியை அங்கே அன்றாடம் எண்டோஸ்கோப்பி பார்க்கிற மருத்துவர்கள் கையில் கொடுத்துத்தான் சோதிக்க வேண்டும். கருவியைக் கண்டுபிடித்த குழுவிலிருந்து ஒருவர் பறந்து வந்து பார்த்துக்கொடுத்த முடிவு, அவர் பறந்து போனதும் போய்விடும். கணினியே படத்தைப் படித்துச் சொல்லும் என்றாலும் இதே கேள்விதான்: எந்த ஊர் உணவுக்குழாய்களைப் பார்த்துப் படித்த கணினி?

கடைசியாக, எதை அளப்பது? படத்தின் துல்லியத்தை அளக்கட்டும், அது வேண்டும். அதோடு இந்த நான்கையும் அளக்க வேண்டும்: அழைத்தவர்களில் எத்தனை பேர் வந்தார்கள், சந்தேகம் என்று சொன்னவர்களில் எத்தனை பேருக்கு எத்தனை நாளில் முடிவு கையில் கிடைத்தது, கடும் பிறழ்வு உறுதியானவர்களில் எத்தனை பேர் அதை நீக்கும் சிகிச்சையை முடித்தார்கள், சும்மா பயந்தவர்கள் எத்தனை பேர். லின்சியானில் பதிமூன்றரை வருஷம் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வில், கடும் பிறழ்வு இருந்தவர்களுக்குப் புற்று வரும் ஆபத்து மற்றவர்களைவிட சுமார் 28 மடங்கு என்று தெரிந்தது. அப்படி ஒருவரைக் கண்டுபிடித்து, மதுரைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து, அவர் போனாரா என்று பார்க்காமல் விட்டால், 96 சதவீதம் பிடிக்கும் கருவியும் அவருக்கு ஒன்றும் செய்யவில்லை.

அடுத்து ஒரு கருவியைப் பற்றி 'உணவுக்குழாய்ப் புற்றை ஒளி கண்டுபிடிக்கிறது' என்று செய்தி வந்தால் மூன்று கேள்வி போதும். எந்த வகைப் புற்று? சோதனையில் இருந்தவர்கள் எங்கிருந்து வந்தவர்கள்? கண்டுபிடித்த பிறகு அவர்களுக்கு என்ன ஆனது? மூன்றாவது கேள்விக்குக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லையென்றால், அந்தக் கருவி தன்னைத்தான் சோதித்துக்கொண்டிருக்கிறது. நம்மைச் சோதிக்க இன்னும் வரவில்லை.